குருட்டுச் சேவல் வீட்டுப் பூச்சி

மணி ஏழு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஜெனிவால்டோவின் கையில் ஒரு தட்டு, தட்டில் ஏழு கோப்பை காப்பி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு மரப்பலகை. பலகையில் சிவப்புச் சாயத்தில் ‘முழங்கை’ என்று எழுதியிருந்தது. கல்லூரி அலுவலகத்தின் ஜன்னல் எட்டு மணிக்கு மூடிவிடும். அதற்குள் மேட்டில் ஏறிப் போய், அங்கே இருக்கும் நோட்டில் அவன் ஒரு கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

வீட்டுத் தலைவன் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தான். அவனுக்கு இடி என்று பெயர். ஐந்தாம் ஆண்டு மாணவன், பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"இது என்னடா, காப்பியா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"காப்பிதான் அண்ணே."

"எதிர்த்துப் பேசுது பாருங்கடா பூச்சி! போ, கொட்டிட்டு வேற போட்டுக் கொண்டா."

"அண்ணே, எட்டு மணிக்குள்ள கையெழுத்து..."

"கையெழுத்தா? மொதல்ல காப்பி. அப்புறம் கூடம் பெருக்கணும். அப்புறம் நேத்துப் போட்ட அண்டா கிடக்கு."

அண்டா கழுவி முடித்தபோது மணி எட்டே முக்கால்.

எங்கள் மலைநகரில் மாணவர் வீடுகள் எல்லாம் இப்படித்தான். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பழைய வீடுகள், வாடகை கிடையாது. புதிதாக வருகிறவனுக்கு முதல் வேலையாகத் தலையை மொட்டையடித்து, பூச்சி என்று கூப்பிடுவார்கள். ஒரு பட்டப்பெயர் வைத்துப் பலகையில் எழுதி மாட்டுவார்கள். ஒரு மாதம் அவன் வீட்டுக்கு உழைக்க வேண்டும். மாதக் கடைசியில் ஓட்டு. ஏழு பேரும் சரி என்றால் சுவரில் அவன் படம் ஏறும், படிப்பு முடியும்வரை அந்த வீடு அவனுடையது. ஒரே ஒருவன் வேண்டாம் என்றாலும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். குருட்டுச் சேவல் என்பது அந்த வீடுகளில் ஒன்று. தொண்ணூறு வருடமாக இதே கூத்து. இதில் பெருமை வேறு.

ஜெனிவால்டோவுக்கு வேறு வழி இல்லை. அவன் ஊர் வடக்கே, பஸ்ஸில் பதினான்கு மணி நேரம். அம்மா லிண்டௌரா பஸ் நிலையத்தில் கூடையை வைத்துச் சீஸ் ரொட்டி விற்கிறாள். இந்த ஊரில் வெளியே அறை எடுத்துத் தங்க அவனுக்குச் சக்தி கிடையாது. வீடு இல்லாவிட்டால் படிப்பு இல்லை. படிப்பில் பெயர் இல்லாவிட்டால் வீட்டிலும் இடம் இல்லை, அது பல்கலைக்கழக விதி. அந்தப் படிப்பில் பெயர் நிற்க வேண்டுமென்றால் முதல் பத்து வேலைநாளில் ஏழு நாளாவது, காலை ஏழிலிருந்து எட்டுக்குள் அந்த ஜன்னலில் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வந்த அன்றே வாசலில் பெட்டியைத் திருப்பும்போது அவன் முழங்கை பட்டு ஒரு பானை பீன்ஸ் தரையில் கொட்டிவிட்டது. பட்டப்பெயருக்கு வீட்டார் அதிகம் யோசிக்கவில்லை.

"என் பேரு ஜெனி..." என்று அவன் ஆரம்பித்தான்.

"நிறுத்து! இந்த வீட்டுல பூச்சிக்கு ஏது பேரு? பேரைச் சொன்னா ஒரு அண்டா."

பழக்கதோஷத்தில் அன்று மூன்று முறை சொல்லிவிட்டான். மூன்று அண்டா கழுவினான்.

முதல் நாள் கையெழுத்து காப்பியோடு போயிற்று. இரண்டாம் நாள் சூழ்ச்சி செய்தான். நாலரைக்கே எழுந்து, துணியில் வடிகட்டிப் பதமாகக் காப்பி போட்டு, கூடமும் பெருக்கி, ஆறு மணிக்கு எல்லோரையும் எழுப்பினான். ஏழுக்குக் கிளம்பிவிடலாம் என்று கணக்கு.

இடி ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"டேய், அமிர்தம்டா! இதை நம்மளே குடிச்சாப் பாவம். போய் எதிர்வீட்டு நொண்டிக் கழுதைக்காரங்களையும் கூட்டியா!"

நொண்டிக் கழுதை வீட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போர்வையோடு வந்து உட்கார்ந்தார்கள். மறுநாளும் வருகிறோம் என்றார்கள். பத்தொன்பது கோப்பை கழுவி முடித்தபோது மணி ஒன்பது. நல்ல காப்பி போட்டதற்குக் கிடைத்த பரிசு.

மூன்றாம் நாள் அவன் ஓடினான். பலகையைச் சட்டைக்குள் தள்ளி, மொட்டைத் தலையில் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டு, பின்கதவு வழியாகப் பனிமூட்டத்தில் இறங்கினான். மாதா கோயில் மேட்டில் பாதி ஏறிவிட்டான். அங்கே நொண்டிக் கழுதை வீட்டுக்காரன் ஒருவன் ரொட்டி வாங்கிக்கொண்டு எதிரே வந்தான்.

"என்ன தம்பி, மார்பு சதுரமா இருக்கு?"

"ஜலதோஷம் அண்ணே. கட்டுப் போட்டிருக்கேன்."

அவன் குல்லாயைத் தூக்கிப் பார்த்தான். பலகையை மறைத்த மொட்டைத்தலை என்றால் சிறையிலிருந்து தப்பிய கைதி மாதிரி. காதைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் ஒப்படைத்தான். அவனுக்கு அதற்குக் காப்பி கொடுத்தார்கள். போட்டது ஜெனிவால்டோதான்.

அன்று ‘காற்று வீசியது’. பூச்சி தப்பு செய்தால் வீட்டில் காற்று வீசும் என்பார்கள். வீசுகிறது என்றால், அவனுடைய சாமான் அத்தனையும் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கும் என்று பொருள். மெத்தை கூரைமேல் இருந்தது. கால்சட்டை விளக்கில் தொங்கியது. அம்மா கட்டிக்கொடுத்த சீஸ் ரொட்டிப் பொட்டலத்தை ஏழு பேரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இவன் யார்கிட்டயோ போன்ல பேசி வெச்சுத்தான் ஓடியிருக்கான்" என்றான் இடி. "போனைக் கொண்டா. ஓட்டு முடியறவரைக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள்ள இருக்கட்டும்."

டப்பாவுக்குப் பூட்டுப் போட்டான். சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

ஜெனிவால்டோ மெத்தையை இறக்கக் கூரையில் ஏறியவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். பரீட்சைக்கு இரண்டு வருடம் படித்தவன். இருபத்தெட்டு பேருக்கு ஒரு இடம் என்ற போட்டியில் ஜெயித்து வந்தவன். இங்கே ஒரு கையெழுத்துப் போட வக்கில்லாமல் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நாள் போய்விட்டது. இனி ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

அப்போது ஏணி வழியாக ஒரு தலை மேலே வந்தது. பாதிரி என்று பட்டப்பெயர் கொண்ட ஒன்பதாம் ஆண்டு மாணவனின் தலை அது. ஐந்து வருடப் படிப்பில் அவன் ஒன்பதாம் ஆண்டு. முதலாம் ஆண்டுக் கணக்குப் பாடத்தில் இன்னும் தேறவில்லை. வீட்டிலேயே கொஞ்சம் ஈரமுள்ள ஆள் அவன்தான்.

"எதுக்குடா அழற பூச்சி?"

ஜெனிவால்டோ சொன்னான்.

"பூ, இவ்வளவுதானா! நான்தான் தினம் காலையில அந்த ஜன்னலுக்குப் போறேனே."

"எதுக்கு அண்ணே?"

"உள்ள உக்காந்திருக்கற பொண்ணைப் பாக்கத்தான். ரெண்டு வருஷமாப் பாத்துட்டு இருக்கேன், அவ இன்னும் என்னைப் பாக்கல. நோட்டுல எவன் கையெழுத்துப் போடறான்னுகூட நிமிந்து பாக்க மாட்டா. ஒனக்கும் சேத்து நானே போட்டுடறேன்."

"அண்ணே, நீங்க தெய்வம்."

"தெய்வம்லாம் வேணாம். என் சட்டையெல்லாம் தொவச்சுப் போட்டுரு."

"தொவைக்கறேன் அண்ணே. என் பேரு ஜெனி..."

"ஷ்ஷ்! பேரைச் சொல்லாதடா. நான் கேட்டுட்டு அண்டா போடலேன்னா எனக்கு அண்டா. ஒரு சீட்டுல எழுதிக் குடு."

ஜெனிவால்டோ சின்னச் சீட்டில் முழுப்பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினான். பாதிரியின் நீலச் சட்டைப் பையில் தன் கையாலேயே பத்திரமாக வைத்துப் பட்டனும் போட்டான். சாயங்காலம், சொன்ன வாக்குப்படி பாதிரியின் சட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் கல்லில் அடித்துத் துவைத்தான். ஒரு சட்டைப் பையிலிருந்து கூழாக ஏதோ வந்தது. சினிமா டிக்கெட்டைப் பையிலேயே விட்டுவிடுகிறார்கள் சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டே வழித்துப் போட்டான்.

மறுநாள் பத்தொன்பது காப்பி போடும்போதும் அவன் மனம் ஜன்னலில்தான் இருந்தது. பாதிரி ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தான்.

"போட்டீங்களா அண்ணே?"

"போட்டாச்சு. முன்னாடி விட்டுப்போன மூணு கட்டத்துலயும் சேத்தே போட்டுட்டேன். அவ நகத்துக்குச் சாயம் பூசிட்டு இருந்தா."

"என் வரியைக் கண்டுபிடிக்கறது கஷ்டமா இருந்துச்சா?"

"இதுல என்னடா கஷ்டம்? எல்லாப் பயலும் போட்டிருக்கான், ரெண்டே ரெண்டு வரிதான் காலி. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிச்சுடும்."

ஜெனிவால்டோவுக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து அவன் நல்ல பூச்சி ஆனான். மத்தியான வகுப்புகளுக்கு மட்டும் போவான். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் யாரும் யார் பெயரையும் கேட்கவில்லை. பேராசிரியர் பாறைகளைப் பற்றிப் பேசுவார், இவன் கடைசி வரிசையில் தூங்குவான். கை சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்துப் பேனா பிடிக்க வலித்தது. எட்டு கிலோ இளைத்துவிட்டான். தெருவில் யாராவது பெயர் கேட்டால் முழங்கை என்று வாயில் வந்தது. அதைக் கேட்டு அவனே ஒருமுறை திடுக்கிட்டான், அப்புறம் பழகிவிட்டது.

பத்தாவது கையெழுத்தும் விழுந்த அன்று பாதிரிக்கு ஆறு சட்டையும் இஸ்திரி போட்டுக்கொடுத்தான்.

மூன்றாவது வாரம் கூடத்துச் சுவரில் இருந்த பழைய போன் அடித்தது. இடி எடுத்தான்.

"யாரு? ஜெனிவால்டோவா? அப்படி யாரும் இங்க இல்லையேம்மா. தப்பு நம்பர்."

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தான் ஜெனிவால்டோ.

"அண்ணே, எங்கம்மா!"

"ஒங்கம்மாவா? அவங்க யாரையோ கேக்கறாங்களேடா!"

"குடுங்க அண்ணே, ஒரே நிமிஷம்."

"ரெண்டு அண்டா."

"நாலு வேணாலும் கழுவறேன்."

லிண்டௌராவின் குரல் நடுங்கியது. "எய்யா, ஒம்போனுக்கு நூறு தடவை அடிச்சிட்டேன். எடுக்கவே மாட்டேங்குறியே. அந்த ஆளு ஒன்னையத் தெரியாதுங்கறாரு?"

"அது வெளையாட்டும்மா. இங்க எல்லாரும் ரொம்பப் பாசம்."

"சாப்பிடறியா?"

"நல்லாச் சாப்பிடறேன்."

"கையெழுத்தெல்லாம் ஒழுங்காப் போட்டியா? மறந்துராதன்னு அந்தச் சேர்க்கைத் தாள்ல போட்டிருந்துச்சே."

"எல்லாம் போட்டாச்சும்மா. பத்தும்."

"அப்பாடா. வாசல்ல கட்டுன துணியை இன்னும் அவுக்கல தெரியுமா? ‘இந்த வீட்டிலிருந்து ஒரு பொறியாளர்’னு. ஒம்பேரு பேப்பர்ல வந்ததை வெட்டிக் கூடைக்குள்ள ஒட்டி வெச்சிருக்கேன். ரொட்டி வாங்கறவங்க எல்லாரும் அதைப் படிச்சுட்டுத்தான் வாங்கறாங்க."

ஜெனிவால்டோ அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். அண்டா நாலையும் கழுவினான்.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஓட்டு. ஒரு மண்பானை, ஆளுக்கு இரண்டு வேகாத பயறு: பழுப்பு நிறம் என்றால் இருக்கட்டும், கறுப்பு என்றால் போகட்டும். ஏழு பேரும் கையை மூடிக்கொண்டு பானையில் ஒன்று போட்டார்கள். ஜெனிவால்டோ மூலையில் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனதில் அம்மா வாசலில் கட்டிய துணிதான் ஆடிக்கொண்டிருந்தது.

இடி பானையைக் கவிழ்த்தான். பழுப்பு. பழுப்பு. பழுப்பு. பிறகு கறுப்பாக ஒன்று உருண்டு வந்தது.

ஜெனிவால்டோவின் கண் தன் பெட்டியைத் தேடியது.

"எவன்டா போட்டது?" என்றான் இடி.

ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். பாதிரி குனிந்து எண்ணினான். "எட்டு இருக்குடா. பழுப்பு ஏழு, கறுப்பு ஒண்ணு. நம்ம ஏழு பேருதானே?"

கறுப்புப் பயறை எடுத்து வாயில் போட்டு மென்றான்.

"வெந்த பயறு! நேத்து வெச்சதுடா. பூச்சி பானையை ஒழுங்காக் கழுவல!"

கூடம் இடிந்து விழும்படி சிரித்தார்கள். அவன் மேல் கரும்புச் சாராயத்தை ஊற்றினார்கள். பலகையைக் கழற்றி அடுப்பில் போட்டார்கள். சுவரில் தொண்ணூறு வருடப் படங்களின் கடைசியில் அவன் படத்தை ஆணியடித்து மாட்டினார்கள். அடியில் ‘முழங்கை’ என்று மட்டும் இருந்தது. ஜெனிவால்டோ அழுதான், இந்த முறை சந்தோஷத்தில். அந்த முரடர்கள் ஏழு பேரையும் கட்டிப்பிடித்தான். இனி பயம் இல்லை. வீடு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, அம்மா துணியை அவிழ்க்க வேண்டாம்.

இடி பிஸ்கட் டப்பாவைத் திறந்து போனைக் கொடுத்தான். அது செத்துக் கிடந்தது. மேசைமேல் வைத்து சார்ஜரில் செருகினார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்து, அது ஓயாமல் அதிர ஆரம்பித்தது. ஒரு மாதச் செய்தி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெனிவால்டோ இன்னொரு கோப்பை வாங்கிக்கொண்டான்.

அப்போதுதான் வாசலில் தட்டும் சத்தம் கேட்டது.

நாற்பத்தைந்து வயது ஆள் ஒருவர் பெட்டியோடு நின்றார். நரைத்த மீசை, லாரிக்காரர் மாதிரி தடித்த கை. தலை மட்டும் புத்தம்புது மொட்டை. மேட்டிலேயே யாரோ பிடித்து வழித்துவிட்டிருந்தார்கள்.

"இங்க தங்க எடம் இருக்கும்னு சொன்னாங்க தம்பி. புதுசாச் சேந்திருக்கேன். பேரு ஒலாவோ."

"பேரைச் சொல்லிருச்சு!" என்று ஏழு பேரும் கத்தினார்கள். "ஒரு அண்டா!"

இடி ஜெனிவால்டோவின் முதுகில் தட்டினான். "முழங்கை, ஒன்னோட மொதப் பூச்சி. நீயே விசாரி."

ஜெனிவால்டோ தலைவனின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். காலைத் தூக்கி மேசைமேல் வைத்தான். அப்பா வயதுள்ள ஆள் என்பது ஒரு நொடி உறுத்தத்தான் செய்தது. ஆனால் வெடித்த தன் கையைப் பார்த்ததும் அந்த உறுத்தல் போய்விட்டது.

"பெட்டியைக் கீழ வை பூச்சி."

"சரி தம்பி."

"தம்பியா? அண்ணேன்னு சொல்லு!"

"சரி அண்ணே."

"என்ன படிப்பு?"

"சுரங்கப் பொறியியல் அண்ணே."

"அட, நம்ம படிப்பு! வகுப்பு தொடங்கி ஒரு மாசம் ஆச்சு. இவ்வளவு நாள் எங்க தூங்கிட்டு இருந்த?"

"லாரி ஓட்டிட்டு இருந்தேன் அண்ணே. ஆறு வருஷமாப் பரீட்சை எழுதறேன். இந்தத் தடவை காத்திருக்கற பட்டியல்ல மொத ஆளா நின்னேன். ஒரே ஒரு எடம் காலியாகாதான்னு தெனம் மாதாவை வேண்டிக்கிட்டேன். முந்தாநேத்துக் கூப்பிட்டுட்டாங்க. ஜெயிச்ச பையன் ஒருத்தன் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலையாம். நோட்டுல ஒரு கையெழுத்துகூட இல்லையாம். போனுக்கு எத்தனை செய்தி அனுப்பியும் பதிலே இல்லையாம்."

கூடம் மறுபடி சிரித்தது. ஜெனிவால்டோதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"எவன்டா அந்த அடிமுட்டாள்? பத்து நாளு, ஒரு கையெழுத்துப் போட வக்கில்லையா?"

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே. எனக்கு அவன் சாமி. ஞாயித்துக்கிழமைதோறும் அவன் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தறதா நேந்துக்கிட்டு, பேரைக் கேட்டு எழுதி வாங்கிட்டு வந்தேன்." ஒலாவோ சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கண்ணருகே வைத்துப் படித்தார். "ஜெனிவால்டோ பெரெய்ரா லிமா."

ஜெனிவால்டோவின் கால் மேசையிலிருந்து இறங்கியது. மேசைமேல் போன் அதிர்ந்துகொண்டே விளிம்பை நோக்கி நகர்ந்தது. அந்தப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை; யார் இந்த ஜெனிவால்டோ என்று வீடே சிரித்துக்கொண்டிருந்தது.

பாதிரி மட்டும் சிரிக்கவில்லை. அவன்தான் வீட்டிலேயே ஈரமுள்ள ஆள்.

"சிரிக்காதீங்கடா, பாவம். அந்தப் பேரை நான் தெனம் பாத்தேன்" என்றான், ஜெனிவால்டோவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. "இவனோட வரிக்கு நேர் மேல் வரி. பத்து நாளும் அது காலியாவே கிடந்துச்சு. பெத்தவ மனசு என்ன பாடு படும்னு நெனச்சுக்கிட்டேதான், கீழ் வரியில இவனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வருவேன்."